அடிப்பிடிக்காத கஞ்சி

அஞ்சலீனாவின் கஞ்சி ஒருநாளும் அடிப்பிடித்ததில்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை முடிந்ததும் கோயிலின் கீழ் மண்டபத்தில் எல்லோருக்கும் கஞ்சி ஊற்றுவார்கள். மொன்றியலில் அந்தத் தமிழ்ச் சபைக்குள் அது வாரத்துக்கு ஒருவர் முறை. மற்றவர்களுடைய முறையில் சனம் ஒரு கோப்பையைக் குடித்துவிட்டு மேல்கோட்டைத் தேடிப் போய்விடும். அஞ்சலீனாவின் முறையென்றால் இரண்டாவது கோப்பைக்கும் வரிசை நிற்கும்.

"ரகசியம் ஒண்டுமில்லை," என்பாள். "கஞ்சியும் கைப்பிள்ளையும் ஒண்டு. விட்டிட்டு அங்கால போகக்கூடாது."

2007ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் முதல் வெள்ளி அவளுடைய முறை. ஒருசந்தி வேறு, காலையிலிருந்து வெறும் தேத்தண்ணீர். கோட்-டெ-நெய்ஜில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை. காலை ஏழு மணியிலிருந்து மூன்று மணிவரை கிழவர் கிழவிகளை எழுப்பி, துடைத்து, உடுப்புப் போட்டு, ஊட்டி, மறுபடி படுக்கவைக்க வேண்டும். மூன்று மணிக்கு அடுத்த ஆள் வந்து பொறுப்பெடுப்பாள்.

அன்றைக்கு மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் மடாம் த்ரூடெலின் செபமாலை கட்டிலுக்குக் கீழே விழுந்துவிட்டது. மடாமுக்கு எண்பத்தெட்டு வயது. நேற்று நடந்தது நினைவில் நிற்காது, ஆனால் செபமாலை மட்டும் கையை விட்டுப் போகக்கூடாது. அஞ்சலீனா கட்டிலின் பக்கக் கம்பியை இறக்கிவிட்டுக் குனிந்து எடுத்துக் கொடுத்தாள். "மெர்சி, மா பெல்," நன்றி, என் அழகியே, என்று கிழவி அவளுடைய கன்னத்தைத் தட்டினாள். அஞ்சலீனா சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். மண்டபத்தில் பயறு ஊறிக்கொண்டிருக்கிறது. தேங்காய்ப்பால் இன்னும் எடுக்கவில்லை. மேல்கோட்டைக் கொளுவிக்கொண்டு ஓடினாள்.

பஸ்ஸில் இருக்கை கிடைத்து மூச்சு ஆறின பிறகுதான் உறைத்தது. கம்பியை மேலே இழுத்தால் 'கிளக்' என்று ஒரு சத்தத்தோடு கொளுவும். நாளுக்கு இருபது தரம் கேட்கிற சத்தம். அன்றைக்கு அது அவள் காதில் இல்லை.

கைத்தொலைபேசி மடியிலேதான் இருந்தது. எடுத்துச் சொன்னால் பத்து நிமிடம் முந்தி ஓடினது தெரிந்துவிடும். மூன்று மணிக்குப் பொறுப்பெடுக்கப் பாலாம்பிகை வருவாள்தானே, பார்ப்பாள்தானே என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு இறங்கிப் போனாள். அன்றைக்கும் கஞ்சி அடிப்பிடிக்கவில்லை.

மூன்று பத்துக்கு மடாம் த்ரூடெல் கட்டிலால் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை, இல்லத்தை நடத்துகிற மடாம் க்ளூத்தியே அவளை அறைக்குக் கூப்பிட்டாள். முன்னால் ஒரு படிவம். போகும்போது கம்பியை உயர்த்திவிட்டுத்தான் போனாயா என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"உய்," என்றாள் அஞ்சலீனா. ஓம் என்பதற்குப் பிரெஞ்சில் அவ்வளவு போதும். அதற்குக் கீழே கையெழுத்தும் வைத்தாள்.

பாலாம்பிகை வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான். பழகும் காலம் முடியாத ஆளை அனுப்ப விசாரணை தேவையில்லை. அந்தக் கிழமையே அனுப்பிவிட்டார்கள். பருத்தித்துறைப் பக்கத்துப் பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். மூன்று மணிக்கு வரவேண்டியவள் இரண்டேமுக்காலுக்கே வந்து, சாப்பாட்டு அறையில் அஞ்சலீனாவுக்கென்று ஒரு சின்ன டப்பாவில் கத்தரிக்காய்க் குழம்பு வைத்துவிட்டுப் போகிற ஆள்.

அஞ்சலீனாவின் வாயிலிருந்து அந்த ஒரு சொல் அவ்வளவு சுறுக்காய் விழுந்ததற்குக் காரணம் ஜென்சி. தங்கையின் மகள், பதினாறு வயது. தாயும் தகப்பனும் ஒரே நாளில் போனபிறகு மன்னாரில் சிஸ்டர்மாருடைய விடுதியில் இருந்தாள். சண்டை திரும்பத் தொடங்கிப் பாதையும் பூட்டிப்போயிருந்தது. அஞ்சலீனா கலியாணம் கட்டாதவள். சொந்த ஊர் பேசாலையில் கட்டுகிற வயது இடம்பெயர்வில் போனது. இங்கே வந்தபிறகு அரைநேர வேலைகளில் போனது. அவளுக்கென்று இருந்தது அந்த ஒரு பிள்ளை. தாய் தகப்பனில்லாத பிள்ளையைப் பதினெட்டு முடியமுன் கனடாவுக்குக் கூப்பிடலாம், ஆனால் கூப்பிடுகிறவர் ஒரு வருடம் விடாமல் முழுநேரம் வேலை செய்ததற்கு வேலையிடத்துக் கடிதம் வேண்டும் என்று பத்திரம் நிரப்பிக் கொடுக்கிறவர் சொல்லியிருந்தார். சித்திரை முடிய அந்த ஒரு வருடம் நிறையும். இரண்டு மாதம், வெறும் இரண்டு மாதம் வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் போதும்.

அந்தத் தவக்காலம் அவள் பிடித்த ஒறுத்தல்போல் யாரும் பிடித்திருக்கமாட்டார்கள். மீன், இறைச்சி, முட்டை மூன்றையும் விட்டாள். தேத்தண்ணீரில் சீனியை விட்டாள். மெத்தை இருக்க, வெறும் நிலத்தில் போர்வையை விரித்துப் படுத்தாள். மடாம் த்ரூடெல் ஆஸ்பத்திரியிலிருந்து சக்கர நாற்காலியில் திரும்பி வந்ததும் தன்னுடைய சாப்பாட்டு நேரத்தில் போய் அவளுக்கு ஊட்டினாள். கிழவிக்கு விழுந்ததே நினைவில்லை. "மா பெல்," என்று பழையபடி கன்னத்தைத் தட்டினாள். ஒவ்வொரு தட்டுக்கும் அஞ்சலீனாவுக்கு அடி வாங்கினதுபோல இருந்தது.

சாமியாரிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனம் ஒன்றுதான் மிச்சம். அதைச் செய்யாமல் பெரிய வெள்ளிக்குப் போகமுடியாது. அவள்தான் ஒவ்வொரு வருடமும் பசாம் பாடுகிறவள். ஆண்டவருடைய பாடுகளை ராகம் இழுத்துப் பாடுகிற அந்தப் பாட்டில் அவளுடைய குரல் எழும்பினால் கோயிலில் பிள்ளைகள்கூட அழுவதை நிறுத்திவிடும். பசாம் பாடுகிற வாய் ஒருவரோடும் கணக்குத் தீராமல் திறக்கக்கூடாது என்று தாய் சொல்லி வைத்திருந்தாள்.

ஆனால் தமிழ்ச் சாமியாரிடம் போக அவளுக்குக் கால் வரவில்லை. திரைக்கு அந்தப்பக்கம் இருந்தாலும் குரலை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார். குருத்து ஞாயிற்றுக்கு முதல்நாள் மலையில் இருக்கிற சூசையப்பர் கோயிலுக்குப் போனாள். அங்கே முழந்தாளில் ஏறுகிறவர்களுக்கென்று நடுவில் மரப்படி இருக்கிறது. பனி உருகின தண்ணீரும் பனிக்குத் தூவின உப்பும் காற்சட்டையை ஊறவைக்க, படிக்கொரு அருள்நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு ஏறினாள். மேலே போய், வெள்ளைத் தலை பிரெஞ்சுக்காரச் சாமியார் ஒருவர் இருந்த கூட்டைத் தேடிப் பிடித்து முழந்தாளிட்டாள். "பாதர், என்னட்டைப் பிரெஞ்சு காணாது. தமிழிலை சொல்லட்டே?" என்று தெரிந்த பிரெஞ்சில் கேட்டாள்.

ஆண்டவருக்கு எல்லாப் பாஷையும் விளங்கும், சொல் மகளே, என்றார் அவர்.

எல்லாவற்றையும் சொன்னாள். கம்பி, பஸ், கைத்தொலைபேசி, கையெழுத்து, பாலாம்பிகை, கத்தரிக்காய்க் குழம்பு உட்பட. அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். முடிந்ததும், மனம் வருந்துகிறாயா என்று மட்டும் கேட்டார். "உய்," என்றாள். பாவமன்னிப்புக் கொடுத்து, ஒரு பரலோக மந்திரம் சொல்லச் சொல்லி அனுப்பினார். ஒரேயொரு பரலோக மந்திரம்! இவ்வளவு மலிவாய் முடிந்ததே என்று உடம்பு லேசாகி, மெழுகுதிரி எரிகிற மண்டபத்துக்குள் வந்தாள்.

அங்கே, நூறு நூறாய் எரிகிற சிவப்பு விளக்குகளுக்கு முன்னால், நெற்றியில் திருநீறோடு பாலாம்பிகை நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா!" என்று ஓடிவந்து கையைப் பிடித்தாள். "என்ன பாக்கிறியள்? முருகனட்டைச் சொல்லியாச்சு. பேந்து இஞ்சயும் ஒருக்கால் சொல்லி வைப்பம் எண்டு வந்தனான். மலையிலை இருக்கிறவை எல்லாரும் சொந்தக்காரர்தானே."

"என்னத்துக்கு மெழுகுதிரி, பாலா?"

"மடாமுக்குத்தான். எழும்பி நடக்கிறாவே?"

"இல்லை. நாற்காலியிலைதான்."

பாலாம்பிகையின் முகம் விழுந்தது. "ஒவ்வொரு வெள்ளியும் அவவுக்கெண்டு விரதம் பிடிக்கிறன், அக்கா. நான் செய்த பாவம்தானே. அண்டைக்கு வந்த உடனை அவவைப் போய் எட்டிப் பாத்தனான், தண்ணி குடுத்தனான். அது ஞாபகம் கிடக்கு. நீங்கள் கம்பியை ஏத்திப்போட்டுத்தானே போனியள். அப்ப நான்தான் இறக்கியிருக்க வேணும். ஆனா இறக்கினது ஞாபகத்திலை இல்லை. எவ்வளவு யோசிச்சாலும் வரேல்லை." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "என்ர அம்மாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கினது. கடைசியிலை என்னையே ஆரெண்டு கேட்டவ. டொக்டரிட்டைப் போனனான். அவர் ஒண்டுமில்லை எண்டுறார். ஆனா எனக்குத் தெரியும்தானே. எங்கட கட்டிடத்திலை ஒரு பிள்ளை, கைக்குழந்தை, வீட்டிலை வைச்சுப் பாக்கச் சொல்லிக் கேட்டவை. நல்ல சம்பளம். மாட்டன் எண்டு சொல்லிப்போட்டன். எங்கையாவது வைச்சிட்டு மறந்துபோனன் எண்டால்?"

அஞ்சலீனாவின் வாய் திறந்தது. ஜென்சி, சித்திரை, கடிதம் மூன்றும் அதற்குள் வந்து அடைத்துக்கொண்டன. "அப்பிடியெல்லாம் ஒண்டுமில்லை, பிள்ளை," என்று மட்டும் சொன்னாள். பாலாம்பிகையின் மெழுகுதிரிக்குப் பக்கத்தில் தானும் ஒன்றைக் கொளுத்தி வைத்துவிட்டு, கீழே இறங்கிப் போனாள். இறங்குகிறபோது முழந்தாள் இரண்டும் எரிந்தன.

செவ்வாய் பின்னேரம் செபஸ்தியாம்பிள்ளை அண்ணை வீட்டில் பசாம் ஒத்திகை. அவர் முன்பு மன்னாரில் தபாற்காரர். இங்கே எல்லாப் பாட்டுக்கும் அவர்தான் தலைவர், வாயும் அப்படி. சேவல் கூவமுன் பேதுரு ஆண்டவரைத் தெரியாதென்று மூன்று தரம் மறுதலிக்கிற இடம் வந்தது. அஞ்சலீனாவின் குரல் ஏறி, பாதியில் நின்றது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினாள். மறுபடி அதே இடத்தில் நின்றது.

"என்ன அஞ்சலீனா, சேவல் கூவ முந்தியே நீர் படுத்திட்டீர்?" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"இந்த முறை வேறை ஆளைப் பாருங்கோ, அண்ணை."

"விசர்க் கதை கதையாதையும். தேன் குடியும், சரியாவரும்."

"தேனாலை வராது," என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

பெரிய வியாழன் காலை ஆறு மணிக்கு, வேலைக்குப் போகமுன், தொலைபேசி அட்டையைச் சுரண்டி மன்னாருக்கு எடுத்தாள். அங்கே பின்னேரம். சிஸ்டர் கூப்பிட, ஜென்சி ஓடிவந்தாள். அஞ்சலீனா சுற்றி வளைக்காமல் சொன்னாள்: நான் ஒரு பொய் சொன்னதாலை ஒரு அப்பாவிக்கு வேலை போயிட்டுது. இண்டைக்குப் போய் உண்மையைச் சொல்லப்போறன். சொன்னால் கடிதம் கிடைக்காது.

அந்தப் பக்கம் காகம் கரைந்தது.

"சொல்லாட்டி ஆருக்குப் பெரியம்மா தெரியும்?"

"எனக்குத் தெரியும், அம்மா."

"இஞ்ச பக்கத்துக் கட்டில் பிள்ளையைப் போன கிழமை கூட்டிக்கொண்டு போயிட்டினம். ஆர் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. நான் சித்திரை சித்திரை எண்டு எண்ணிக்கொண்டிருக்கிறன்." குரல் உடைந்தது. "எனக்கு இப்ப கதைக்க ஏலாது, பெரியம்மா." தொலைபேசியை வைத்துவிட்டாள்.

அஞ்சலீனா கட்டிலில் இருந்தாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆறரைக்கு எழும்பினாள். இந்தப் பொய்யில் பிள்ளையைக் கூப்பிட்டால், அந்தப் பிள்ளை வந்து இறங்குகிற நாளில் பாலாம்பிகை எங்கேயோ ஒரு அறையில் அடுப்பை நூத்தேனோ இல்லையோ என்று எழும்பிப் பார்த்துக்கொண்டிருப்பாள். அதைத்தாண்டி அவளால் யோசிக்க முடியவில்லை.

கோயில் அறிக்கைத்தாளின் பின்பக்கத்தில், சொல்லவேண்டிய பிரெஞ்சைத் தமிழ் எழுத்தில் எழுதி, பஸ்ஸில் போகப் போகப் பாடமாக்கினாள். மடாம் க்ளூத்தியேயின் அறையில் அந்தத் தாளைக் கையில் பிடித்தபடியே நின்று வாசித்தாள். கம்பியை நான் உயர்த்தவில்லை. பத்து நிமிடம் முந்திப் போனேன். கையெழுத்து வைத்துச் சொன்னது பொய். மற்றப் பெண்ணில் பிழையில்லை.

மடாம் க்ளூத்தியே கண்ணாடியைக் கழற்றினாள். ஐந்து கிழமையாக ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். பயம் என்பதற்குப் பிரெஞ்சுச் சொல் அஞ்சலீனாவுக்கு நன்றாய்த் தெரியும். அகதி விசாரணைக்குப் போகமுன் படித்த முதல் சொற்களில் ஒன்று. அதைச் சொன்னாள். உன்னை இங்கே தொடர்ந்து வைத்திருக்க முடியாது, விளங்குகிறதா என்று அவள் கேட்டாள். விளங்கியது. கடிதமும் தரமுடியாது. அதுவும் விளங்கியது. அஞ்சலீனா ஒன்றே ஒன்று கேட்டாள்: அந்தப் படிவத்தைத் திருத்தி எழுதி எனக்கொரு பிரதி தாருங்கள். மடாம் க்ளூத்தியே படிவத்தைத் திருத்தி எழுதி, எழுந்து போய்த் தானே பிரதி எடுத்துக்கொண்டு வந்தாள்.

போகமுன் மடாம் த்ரூடெலின் அறைக்குள் போனாள். கிழவி செபமாலையைப் பிடித்தபடி நித்திரை. கம்பி உயர்ந்துதான் இருந்தது. அஞ்சலீனா அதை இறக்கி, குனிந்து நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, திரும்ப மேலே இழுத்தாள். 'கிளக்' என்று கேட்டது.

லாசாலில் பாலாம்பிகையின் கட்டிடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும். கதவைத் திறந்தவள் சிரித்தாள். "வாங்கோ அக்கா, என்ன இந்த நேரத்திலை?" அஞ்சலீனா உள்ளே போகவில்லை. வாசலில் நின்றே பிரதியைக் கொடுத்தாள். பாலாம்பிகைக்குப் பிரெஞ்சு நன்றாய் வரும். வாசித்தாள். மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

"அப்ப எனக்கு மறதியில்லையே, அக்கா?"

"இல்லை, பிள்ளை. நான்தான் கம்பியை ஏத்தேல்லை. பேந்து பொய்யும் சொன்னனான்."

பாலாம்பிகை கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு மறதியில்லை," என்று தனக்குத்தானே சொன்னாள். கண்ணீர் கன்னத்தால் இறங்கிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை. பிறகுதான் மற்றது உறைத்தது. நிமிர்ந்தாள்.

"அண்டைக்கு மெழுகுதிரிக்குப் பக்கத்திலை நிண்டனீங்கள்."

"ஓம்."

"என்ர அம்மாவைப் பற்றிச் சொன்னனான். அப்பவும் சொல்லேல்லை."

"இல்லை."

"போங்கோ அக்கா." கோபத்தில் அவளுக்குச் சத்தம் கூடவில்லை, குறைந்தது. "வந்தவைக்குத் தேத்தண்ணி குடுக்காமல் நான் ஒருநாளும் அனுப்பினதில்லை. இண்டைக்கு ஏலாது. போங்கோ."

அடுத்தநாள் பெரிய வெள்ளி. பசாமுக்கு அஞ்சலீனா நிற்கவில்லை. செபஸ்தியாம்பிள்ளை அண்ணை படியில் மறித்துக் கெஞ்சிப் பார்த்தார். "இன்னும் ஒராளோடை தீரேல்லை, அண்ணை," என்றாள். அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். வாயில் வந்த பகிடியை விழுங்கிக்கொண்டு மேலே போனார். கஞ்சி காய்ச்சுவதற்கு ஒரு தடையும் இல்லை. கீழே குசினியில் பெரிய பானையை வைத்துக் கிளறத் தொடங்கினாள். மேலே யாரோ ஒரு பெண் பசாமைத் தொடங்கினாள். குரல் அவ்வளவு ஏறவில்லை, ஆனால் பிழையில்லாமல் போனது.

தேங்காய்ப்பால் விட்டுக் கொதி வருகிற நேரம் சட்டைப்பையில் தொலைபேசி அடித்தது. ஒரு கையால் கிளறியபடி எடுத்தாள்.

"அந்தப் பிள்ளையைப் பாக்கிறதுக்கு ஓம் எண்டு சொல்லிப்போட்டன்," என்றது பாலாம்பிகையின் குரல். "திங்கள் தொடக்கம். எட்டு மாதம். பல்லு ரெண்டு முளைச்சிருக்கு."

"நல்லது, பாலா."

"உங்களை மன்னிச்சிட்டன் எண்டு நினைக்கவேண்டாம்."

"நினைக்கேல்லை."

"வேலையிலை சொல்லுவியளே, ஜென்சியின்ர கடிதம், அது?" என்றாள் பாலாம்பிகை.

"இல்லையெண்டிட்டினம். வேலையும் இல்லை."

"எப்ப அவளுக்குப் பதினெட்டு?"

"வாற வருஷம் ஆவணியிலை."

பாலாம்பிகை வாய்க்குள் எண்ணுவது கேட்டது. "பதினாறு மாதம் கிடக்கு. இப்ப ஒரு வேலை எடுத்தியள் எண்டால் ஒரு வருஷம் நிறையும், நாலு மாதம் மிஞ்சும். இஞ்ச லாசாலிலை பிஸ்கற் செய்யிற இடத்திலை ஆள் எடுக்கினம். என்ர மனுசன் அங்கைதான். நம்பரைச் சொல்லுறன், எழுதுங்கோ. உங்களுக்காக இல்லை. அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?"

அஞ்சலீனா அகப்பையை விட்டுவிட்டுப் பேனை தேடினாள். குசினியில் இல்லை. மண்டபத்துக்குள் ஓடினாள். பாட்டுத்தாள் வைத்திருந்த மேசையில் ஒரு பென்சில் கிடந்தது. பாலாம்பிகை ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். அஞ்சலீனா எழுதினாள், திருப்பி வாசித்தாள். "ஏழோ ஒண்டோ?" என்று கேட்டாள். "ஏழு. பிரெஞ்சுக்காரர் மாதிரி நடுவிலை ஒரு கோடு போடுங்கோ," என்றாள் மற்றவள். நாளைக் காலையில் முதல் வேலையாக ஜென்சிக்கு எடுக்கவேண்டும். அவள் எடுக்காவிட்டாலும் திரும்பத் திரும்ப அடிக்கவேண்டும். இலக்கம் முடிந்தபிறகும் பாலாம்பிகை உடனே தொலைபேசியை வைக்கவில்லை.

மணம் மண்டபத்துக்கு வந்த பிறகுதான் அஞ்சலீனா தலைநிமிர்ந்தாள். அதற்குள் மேலே பாட்டு முடிந்து சனம் படியிறங்கத் தொடங்கிவிட்டது. முன்னால் வந்த செபஸ்தியாம்பிள்ளை அண்ணை மூக்கைச் சுருக்கினார்.

"ஆரப்பா கஞ்சியை எரிச்சது?"

"நான்தான், அண்ணை," என்றாள் அஞ்சலீனா, எல்லோருக்கும் கேட்கத்தக்கதாக. "அடுப்பிலை விட்டிட்டு அங்கால போனனான்."

கோப்பைகளை எடுத்து வரிசையாக வைத்து, மேலால் நல்லதாய்ப் பார்த்து ஊற்றத் தொடங்கினாள்.